பூனை ஏன் காதைச் சொறிகிறது?

நம் நாட்டு இல்லங்களில் நாய்க்கு உள்ள மதிப்புப் பூனைக்கு இல்லை. நாயை 'வளர்க்கிறோம்' என்று சொல்லும் நாம், பூனையைப் பற்றிப் பேசும்போது, 'வீட்டில் ஒரு பூனை நிற்கிறது' என்றுதான் சொல்கிறோம். எலிக்காக வந்தது; மீன் தலையும் மிச்சச் சோறும் கிடைத்தன; நின்றுவிட்டது. அதற்கு ஒரு நோய் வந்தால் மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லும் வழக்கமும் நம்மிடையே குறைவு. நக்கி நக்கித் தன் புண்ணைத் தானே ஆற்றிக்கொள்ளும் பிராணி என்று அதனை அதன் போக்கிலே விட்டுவிடுகிறோம்.

பூனை தன் உடலைத் துப்புரவாக வைத்திருக்கும் பிராணி என்பது உண்மையே. வயிற்றையும் வாலையும் அது நாக்கினால் வாரிக்கொள்ளும். முகத்தை, முன்னங்காலை எச்சிலால் நனைத்துத் துடைத்துக்கொள்ளும். ஆனால் அதன் நாக்கும் எட்டாத, காலும் நுழையாத ஓரிடம் உண்டு. அது செவித்துவாரத்தின் உட்புறம். அந்த இடத்திலேதான் நாம் இங்கு பேசப்போகும் நோய் குடிகொள்கிறது.

விறாந்தையிலே படுத்திருக்கும் பூனை திடீரென எழுந்து பின்னங்காலால் காதைச் சொறிகிறது, தலையை உதறுகிறது. சற்று நேரம் படுக்கிறது. மீண்டும் எழுந்து சொறிகிறது. 'தெள்ளுக் கடிக்கிறது போலும்' என்று சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்க்கிறோம். தெள்ளாகவும் இருக்கலாம். ஆனால் சொறிவது ஓயாமல் காதையே நாடுமானால், ஒரு நிமிடம் செலவிட்டு அந்தக் காதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தல் வேண்டும். நலமுள்ள பூனையின் உட்காது இளஞ்சிவப்பாக, ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். சிறிதளவு மெழுகு இருப்பினும் அது வெளிறிய நிறமுடையதாகவே இருக்கும். அவ்வாறன்றி, கோப்பியை வடித்த பின்னர் அடியிலே தங்கும் மண்டியைப் போல, கருங்கபில நிறத்தில் உதிரி உதிரியாக அழுக்குத் திரண்டிருக்குமானால், அது வெறும் அழுக்கன்று. அதனுள்ளே ஒரு குடியிருப்பே இருக்கக்கூடும்.

கண்ணுக்கு எட்டாத குடிகள்

இக்குடிகளைக் காதுச் சிற்றுண்ணிகள் என்று கூறலாம். அவசரத்திலே சிற்றுண்டி என்று வாசித்துவிட வேண்டாம். மிகச் சிறிய உண்ணி என்பதே பொருள். மாட்டிலும் நாயிலும் நாம் காணும் உண்ணிக்கும், மூலையிலே வலை பின்னும் சிலந்திக்கும் இவை உறவு. வளர்ச்சியடைந்த சிற்றுண்ணிக்கு எட்டுக் கால்கள். அதன் நீளமோ அரை மில்லிமீற்றருக்கு மேற்படுவதில்லை. கூரிய பார்வையுடைய ஒருவர் உற்று நோக்கினால் ஒரு வெண்புள்ளி ஊர்வதாகத் தெரியும், அவ்வளவே.

விஞ்ஞானிகள் இதற்கு இட்ட பெயர் ஒட்டோடெக்ரஸ் சைனோற்றிஸ் என்பது. 1838ஆம் ஆண்டிலே ஹெரிங் என்னும் ஜெர்மானியர் இவ்வுயிரை முதன்முதல் விவரித்து எழுதினார். கிரேக்கச் சொற்களால் அமைந்த அப்பெயரின் முற்பகுதிக்குக் 'காதைக் கடிப்பது' என்றும், பிற்பகுதிக்கு 'நாய்க்காது' என்றும் பொருள் கொள்ளலாம். நம் பேச்சு வழக்கிலே காதைக் கடிப்பது என்றால் இரகசியம் சொல்வது. இங்கோ அது மெய்யாகவே கடிப்பது. பெயரிலே இருப்பது நாயானாலும், இதனால் மிகுதியும் அல்லற்படுவது பூனையே. பூனைகளுக்கு வரும் செவிநோய்களிற் பெரும் பங்கு இச்சிற்றுண்ணியால் விளைவதுதான்.

சொறிநோயை உண்டாக்கும் சில உண்ணிகளைப் போல இது தோலைத் துளைத்து உட்செல்வதில்லை. தோலின் மேற்பரப்பிலேயே உலாவி, உதிரும் தோற் பொருக்கையும் கசியும் நீரையும் உண்டு வாழ்கிறது. அதன் ஊர்தலாலும் கடியாலும் செவித்தோல் அழற்சியுறுகிறது. உறுத்தல் மிக மிக, காதிலுள்ள சுரப்பிகள் மெழுகை மேலும் மேலும் சுரக்கின்றன. அந்த மெழுகும், கசிந்த குருதியும், சிற்றுண்ணிகளின் கழிவும், அவை கழற்றிய சட்டைகளும் ஒன்றாய்த் திரண்டதே நாம் காணும் கோப்பி மண்டி.

பெண் சிற்றுண்ணி அந்த மண்டியிலே முட்டையிடுகிறது. ஏறக்குறைய நான்கு நாள்களில் முட்டை பொரித்து, ஆறு கால்களையுடைய குடம்பி வெளிவருகிறது. அது உண்டு, ஓய்ந்து, சட்டை கழற்றி, எட்டுக் கால்களைப் பெற்று, மேலும் சில பருவங்களைக் கடந்து முதிர்ச்சியடைகிறது. முட்டையிலிருந்து முதிர்ச்சி வரை ஏறக்குறைய மூன்று வாரம். முதிர்ந்தது இரண்டு மாதமளவு உயிர் வாழும். இந்த மூன்று வாரக் கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுதல் நன்று. மருந்திட்டும் நோய் தீரவில்லை என்று பலர் குறைப்படுவதற்குக் காரணம் இந்தக் கணக்கிலேதான் இருக்கிறது.

விஞ்ஞான பாடம் பயிலும் மாணவர்களுக்கு இங்கே ஓர் எளிய பரிசோதனையைக் கூறலாம். காதின் வெளிவிளிம்பிலே தென்படும் மண்டியில் ஒரு சிறு துணுக்கைப் பஞ்சினால் ஒற்றியெடுத்து, கறுப்புக் கடதாசியின்மீது உதிர்த்துவிடுங்கள். நல்ல வெளிச்சத்தில் வைத்து, கைவில்லை ஒன்றின் ஊடாகச் சில நிமிடம் பொறுமையோடு பாருங்கள். சுண்ணாம்புத் தூளின் துகள் போன்ற வெண்புள்ளிகள் மெல்ல இடம் பெயர்வதைக் கண்டால் ஐயம் தீர்ந்தது. பாடசாலையிலே நுணுக்குக்காட்டி இருப்பின், கண்ணாடித் தகட்டில் ஒரு துளி எண்ணெயிட்டு, அதிலே துணுக்கைக் கரைத்துப் பார்க்கலாம். கால்களையும் முட்டைகளையும் தெளிவாகக் காணலாம். ஆனால் ஒன்றும் ஊரவில்லை என்பதனால் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சில பூனைகளின் காதிலே நூற்றுக்கணக்கில் இருந்தும் அவை அவ்வளவாகச் சொறிவதில்லை. வேறு சில, இரண்டு மூன்று சிற்றுண்ணிகளுக்கே துடித்துப்போகின்றன. அவ்வுடலின் ஒவ்வாமையைப் பொறுத்தது அது.

தாயிடமிருந்து பிள்ளைக்கு

இந்நோய் பரவும் வழியை எண்ணும்போது மனம் சற்று வருந்தவே செய்கிறது. சிற்றுண்ணிக்குச் சிறகில்லை, தெள்ளைப் போலத் தாவவும் அது அறியாது. ஓர் உடல் மற்றோர் உடலை ஒட்டும்போதுதான் அது இடம் மாறும். பூனைகள் எப்போது ஒட்டி இருக்கின்றன? தாய் தன் குட்டிகளை அணைத்துப் பால் கொடுக்கும்போதும், அவற்றின் முகத்தை நக்கித் துடைக்கும்போதும், குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாய்ச் சுருண்டு உறங்கும்போதும். ஆகவே, கண் திறந்து சில வாரங்களே ஆன குட்டியின் காதிலும் கறுப்பு மண்டியைக் காண்கிறோம். தாய் கொடுத்த பாலோடு இதுவும் வந்து சேர்ந்துவிடுகிறது. முதிர்ந்த பூனைகளைவிடக் குட்டிகளுக்கே இது பெருந்தொல்லை.

நம் ஊர்களில் இதற்குத் துணை செய்யும் வழக்கம் ஒன்றுண்டு. குட்டிகள் மிகுந்துவிட்டால், குறிப்பாகப் பெட்டைக் குட்டிகளை, ஒரு பையிலோ பெட்டியிலோ இட்டு, சந்தையடியிலோ கோயில் வீதியிலோ விட்டுவிட்டு வருகிறார்கள். 'மீன்காரர் போடுவார்கள், பிழைத்துக்கொள்ளும்' என்று மனத்துக்குச் சமாதானமும் கூறிக்கொள்கிறார்கள். அவற்றிற் சில பிழைப்பதும் உண்டு. அங்கே கூடும் இருபது முப்பது பூனைகளிடையே சிற்றுண்ணி ஒரு காதிலிருந்து மறு காதுக்குத் தடையின்றிப் பயணம் செய்கிறது. அங்கிருந்து மனமிரங்கி ஒரு குழந்தை தூக்கிவரும் குட்டியோடு அது நம் வீட்டிற்குள்ளும் வந்துவிடுகிறது. இரக்கப்பட்ட குழந்தையைக் கோபித்துப் பயனில்லை.

மனிதருக்கு இது தொற்றுமா என்று தாய்மார் அஞ்சுவது இயல்பு. பூனையை மடியிலே வைத்திருப்போரின் கையிலோ வயிற்றிலோ சிறு சிறு சிவந்த தடிப்புகள் அரிதாக உண்டாகலாம். மனித உடல் இச்சிற்றுண்ணிக்கு ஏற்ற இடமன்று. பூனையின் நோய் தீர்ந்ததும் அத்தடிப்புகளும் தாமே மறையும். பூனையைத் துரத்திவிடுவதற்கு இது ஒரு காரணமாகாது.

தம் காதையே கொடுத்த வைத்தியர்

இவ்விடத்திலே ஒரு விசித்திரமான வரலாற்றைக் கூறாமற் செல்ல மனம் வரவில்லை. அமெரிக்காவிலே, நியூயோர்க் மாநிலத்து வெஸ்ற்போட் என்னும் ஊரில் றொபேட் லோப்பெஸ் என்றொரு மிருக வைத்தியர் இருந்தார். காதுச் சிற்றுண்ணி கண்ட இரு பூனைகளை வளர்த்த ஒரு வீட்டாரின் மகளுக்கும் உடலில் அரிப்பு இருப்பதாக அவர் அறிந்தார். இச்சிற்றுண்ணி மனிதரிடத்தே என்ன செய்யும் என்று ஆராயும் ஆவல் அவருக்கு எழுந்தது. பிறர் காதைக் கேட்க அவருக்கு மனமில்லை. ஒரு பூனையின் காதிலிருந்து சிற்றுண்ணிகள் நிறைந்த மண்டியை எடுத்துத் தம் இடது காதினுள்ளே தாமே இட்டுக்கொண்டார்!

உடனே அவருடைய காதுக்குள் பிறாண்டும் ஓசையும் ஊரும் ஓசையும் கேட்கத் தொடங்கின. பகலிலே ஓரளவு அடங்கியிருந்த சிற்றுண்ணிகள் இரவானதும் சுறுசுறுப்படைந்தன. நள்ளிரவையொட்டிக் கடியும் அரிப்பும் பொறுக்க முடியாதனவாயின. உறக்கம் என்பதே இல்லாமற் போயிற்று. வாரங்கள் சில சென்றபின் தொல்லை தானே குறைந்து மறைந்தது. மனிதர் அத்தோடு விட்டாரா? ஒருமுறை கண்டது தற்செயலாக இருக்கலாமே என்று இரண்டாம் முறையும், பின்னர் மூன்றாம் முறையும் அவ்வாறே செய்து பார்த்தார். ஒவ்வொரு முறையும் தொல்லை முன்னையிலும் குறைவாக இருந்தது. ஆகவே உடல் ஓரளவு எதிர்ப்புச் சக்தியைப் பெறுகிறது போலும் என்று அவர் கருதினார். இவற்றையெல்லாம் 1993ஆம் ஆண்டிலே அமெரிக்க மிருக வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகையிலே எழுதினார். சிரிப்பையும் சிந்தனையையும் ஒருங்கே விளைக்கும் ஆராய்ச்சிகளுக்கென வழங்கப்படும் இக்நோபல் பரிசு, 1994இல் அவருக்குக் கிடைத்தது.

சிரித்தவர்கள் சிரிக்கட்டும். வாய் பேசாத பிராணி படும் பாட்டை வாய் பேசும் ஒருவர் பட்டறிந்து சொன்ன சாட்சியம் அது. அதிலும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மனிதச் செவி, வினாடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே கேட்கும். பூனையின் செவியோ 80,000க்கு மேற்பட்ட அதிர்வுகளையும் கேட்கவல்லது. எலிக்குஞ்சுகள் நமக்குக் கேளாத மெல்லிய கீச்சொலியால் தம்முள் அழைப்பதைச் சுவருக்கு இப்பாலிருந்தே பூனை கேட்டறிகிறது. அத்தகைய செவிக்குள்ளே இரவு பகலாகப் பிறாண்டல் நிகழ்ந்தால் அதன் வேதனை எவ்வளவாயிருக்கும்? செவி கெட்ட பூனை எலி பிடிக்கவில்லை என்று நாம் அதனையே குறை கூறுகிறோம்.

கவனியாது விட்டால்

சொறிந்து சொறிந்து காதின் பின்புறத்திலே மயிர் உதிர்ந்து புண்ணாகும். அப்புண்ணிலே பற்றீரியாக் கிருமிகள் புகுந்து சீழ் கொள்ளும். ஓயாத உதறலால் காது மடலினுள்ளே நுண்ணிய குருதிக் குழாய்கள் வெடித்து, தோலுக்கும் குருத்தெலும்புக்கும் இடையே இரத்தம் தேங்கி, மடல் பணியாரம்போல உப்பிவிடுவதும் உண்டு. வைத்தியர் அதனைக் கவனியாவிடின் மடல் சுருங்கிக் கசங்கியே நின்றுவிடும். நோய் மேலும் உள்ளே செல்லுமாயின் செவிப்பறை துளைபட்டு, நடுச்செவி பாதிக்கப்படலாம். தலை ஒரு பக்கம் சாய்ந்தபடி இருத்தல், வட்டமிட்டு நடத்தல், தள்ளாடுதல் ஆகியன காணப்பட்டால் அதுவே எச்சரிக்கை. அந்நிலையில் ஒரு நாளும் தாமதித்தல் ஆகாது.

காதிலே கறுப்பாகத் தோன்றுவதெல்லாம் சிற்றுண்ணியின் வேலையும் அன்று. மதுவம் என்னும் பூஞ்சண இனம் பெருகினாலும் கபில நிற மெழுகு உண்டாகும். அப்போது புளித்த வாடை வீசும். காதினுள்ளே தசை வளர்ச்சி ஏற்படுவதும் உண்டு. இன்னொரு நோயையும் இதனோடு மயங்குவார்கள். காது விளிம்பிலே தொடங்கி, நெற்றி, முகம் என்று சாம்பல் நிறப் பொருக்குத் தடித்துப் படர்ந்து, முகத் தோல் கிழவன் முகம் போலச் சுருக்கம் விழுவதை நம் ஊர்ப் பூனைகளிற் காணலாம். அது பூனைச் சொறி. அதனை உண்டாக்கும் உண்ணி வேறு. அது தோலைத் துளைத்து வாழ்வது. மனிதருக்கும் கடும் அரிப்பைத் தருவது. சிற்றுண்ணி நோயிலே அழுக்குக் காதின் உள்ளே இருக்கும். சொறியிலே பொருக்கு வெளியே இருக்கும். வீட்டிலிருப்போர் இவ்வளவு வேறுபாட்டை அறிந்திருந்தாற் போதும். மற்றவற்றைப் பிரித்தறிவது வைத்தியர் பணி.

அடுப்படி மருந்துகள்

நாம் இக்கட்டுரையை எழுத முற்பட்டதே இப்பகுதிக்காகத்தான் எனலாம். பூனையின் காதிலே பூச்சி இருக்கிறது என்று அறிந்ததும் நம்மவர் முதலிற் செய்வது, வீட்டில் எது கையில் அகப்படுகிறதோ அதனை அக்காதினுள் ஊற்றுவது. மண்ணெண்ணெய், கற்பூரம் கரைத்த எண்ணெய், டெற்றோல் முதலிய தொற்றுநீக்கிகள், நறுமணத் தைலங்கள் என்று பட்டியல் நீளும். நோக்கம் நல்லதே. ஆனால் சிற்றுண்ணி பூனையைக் கொல்வதில்லை, இம்மருந்துகள் கொல்லக்கூடும்.

காரணம் பூனையின் ஈரலிலே இருக்கிறது. நம் உடலிற் சேரும் பலவகைப் பொருள்களை ஈரலிலுள்ள ஒரு நொதியம் மாற்றியமைத்துச் சிறுநீரோடு வெளியேற்ற உதவுகிறது. பூனை இனத்திலே அந்நொதியம் செயலற்றுப் போயிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக இறைச்சியையே உண்டு வாழ்ந்தமையால், தாவரங்களிலுள்ள அத்தகைய பொருள்களை எதிர்கொள்ளும் தேவை பூனைக்கு ஏற்படவில்லை. தேவையில்லாத கருவி காலப்போக்கிற் பழுதாயிற்று என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். எனவே நமக்குத் தீங்கு செய்யாத அளவும் அதற்கு நஞ்சாகிறது. காதிலே விட்டதைத் தலையை உதறி உடலெங்கும் தெளித்து, பிறகு நக்கி உட்கொண்டுவிடும். இதே காரணத்தால், காய்ச்சல் என்று இரக்கப்பட்டு ஒரு பனடோல் வில்லையைக் கொடுப்பதும் பூனைக்கு உயிராபத்தாகும் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

நாய்க்கென விற்கப்படும் தெள்ளு மருந்தை மிச்சம் பிடித்துப் பூனைக்கு இடுவது இன்னொரு கொடுமை. அவற்றுட் பலவற்றிலே பெர்மெத்திரின் என்னும் மருந்து உண்டு. நாய்க்குத் தீங்கற்ற அது, பூனையை நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் ஆளாக்கிச் சில மணி நேரத்திலே உயிர் குடிக்கவல்லது. மாடுகளுக்கு வாங்கிய ஐவர்மெக்ரின் ஊசிமருந்தை ஊகத்தால் அளந்து குட்டிக்குக் கொடுப்பதும் அத்தகையதே. மாட்டின் எடை எங்கே, குட்டியின் எடை எங்கே!

தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ விடலாமா என்று கேட்பார்கள். எண்ணெயை முற்றாகப் பழிக்க நாம் விரும்பவில்லை. அது மண்டியை இளக்கும். சில சிற்றுண்ணிகளை மூச்சடைத்துக் கொல்லும். எனினும் எல்லாவற்றையும் கொல்வதில்லை. செவிப்பறை துளைபட்டிருப்பின் எண்ணெயும் உள்ளே சென்று கேடு செய்யும். செவிப்பறையின் நிலையைப் பார்த்துச் சொல்லக் கருவி வேண்டும். அது வைத்தியரிடம் உண்டு, நம்மிடம் இல்லை. எண்ணெயைச் சூடாக்கி விடுவது எந்நிலையிலும் கூடாது.

மண்ணிலிருந்து வந்த மருந்து

இக்காலத்திலே இந்நோய்க்குச் சிறந்த மருந்துகள் உண்டு. அவற்றிற் சிலவற்றின் பிறப்பு ஒரு பிடி மண்ணிலிருந்து. 1970களின் முற்பகுதியிலே யப்பானிய விஞ்ஞானி சற்றோஷி ஒமுரா, இற்றோ நகரத்துக்கு அண்மையில் எடுத்த மண்ணிலிருந்து ஒரு நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். அது சுரக்கும் பொருள், விலங்குகளைப் பற்றி வாழும் புழுக்களையும் உண்ணிகளையும் அழிக்கிறது என்பதை அமெரிக்காவிற் பணிபுரிந்த வில்லியம் காம்பெல் என்பவர் ஆராய்ந்து காட்டினார். அதிலிருந்து உருவான ஐவர்மெக்ரின் 1981இல் விற்பனைக்கு வந்தது. ஆபிரிக்க மக்களின் கண்ணொளியைப் பறித்த ஆற்றுக் குருட்டு நோய்க்கும் அதுவே மருந்தாயிற்று. இருவருக்கும் 2015ஆம் ஆண்டிலே மருத்துவத்துக்கான நோபல் பரிசிற் பங்கு கிடைத்தது. அக்குடும்பத்திலே பின்னர் தோன்றிய செலமெக்ரின், மொக்ஸிடெக்ரின் என்பவை இன்று பூனைக்குப் பயன்படுகின்றன.

இவற்றைக் காதிலே விடுவதில்லை. பூனையின் நாக்கு எட்டாத பிடரியிலே, மயிரை விலக்கித் தோலின்மீது சில துளி இடுவார்கள். மருந்து தோல்வழியே ஊறி உடலெங்கும் சென்று சிற்றுண்ணியை அடைகிறது. பூனையின் எடைக்கும் வயதுக்கும் ஏற்ற அளவை மிருக வைத்தியரே சொல்ல வேண்டும். அண்மையிலுள்ள அரசாங்க மிருக வைத்திய நிலையத்திற் கேட்டறியலாம்; கண்டிப் பகுதியிலுள்ளோர் பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலையையும் நாடலாம்.

வைத்தியர் காதிலே விடும் துளிமருந்து தந்தாரானால், அடுத்து எழும் கேள்வி பழமொழியிலுள்ளதேதான்: பூனைக்கு மணி கட்டுவது யார்? இருவர் வேண்டும். ஒருவர் தடித்த துவாயினாலே கழுத்து வரை பூனையைச் சுற்றி அணைத்துப் பிடிக்க, மற்றவர் காது மடலை மெல்ல நிமிர்த்தி மருந்தை விட வேண்டும். பின்னர் காதின் அடிப்பகுதியை வெளிப்புறமாகவே விரல்களாற் சற்று நேரம் பிசைந்து, பிடியைத் தளர்த்தினால், பூனை தலையை உதறும். இளகிய மண்டி மேலே வரும். அதனைப் பஞ்சினால் ஒற்றியெடுத்தாற் போதும். ஈர்க்கிலோ பஞ்சு சுற்றிய குச்சியோ உள்ளே செல்லக் கூடாது. பூனையின் செவித்துவாரம் கிணறுபோலக் கீழிறங்கிப் பின் சுரங்கம்போல உட்புறம் திரும்புவது. குச்சி அழுக்கை அத்திருப்பத்திலே கொண்டுபோய் இறுக்கிவிடும். இதனைச் செய்யும்போது பூனை கீறினாலோ கடித்தாலோ அலட்சியம் வேண்டாம். சவர்க்காரமிட்டு ஓடும் நீரிலே 15 நிமிடம் புண்ணைக் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். விசர்நோய் நாயினால் மட்டும் வருவதன்று. பூனைக்கும் விசர்நோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பதையும் இவ்வேளையிலே வீட்டார் நினைத்துப் பார்க்கலாம்.

முன்னர் கூறிய மூன்று வாரக் கணக்கு இங்கே வருகிறது. துளிமருந்துகளிற் பல, வளர்ந்த சிற்றுண்ணியைக் கொல்லுமேயன்றி முட்டையைக் கொல்வதில்லை. மூன்று நாள் மருந்து விட்டதும் பூனை சொறிவதை நிறுத்தும், நாமும் மருந்தை நிறுத்துவோம், முட்டைகள் பொரிக்கும், மாதம் முடியுமுன் பழைய கதை. ஆகையால், வைத்தியர் சொன்ன காலம் முழுவதும், பூனை சுகமாகத் தோன்றினும், மருந்தைத் தொடர வேண்டும். ஒரே வீட்டில் நிற்கும் எல்லாப் பூனைகளுக்கும், நாய் இருப்பின் அதற்கும், ஒரே காலத்திலே வைத்தியம் செய்யவும் வேண்டும். சொறியாத பூனைதான் நோயைப் பத்திரமாகக் காத்து மற்றதற்குத் திருப்பிக் கொடுப்பது.

வருமுன் காத்தல் கடினமன்று. புதிதாய் ஒரு குட்டி வீட்டிற்கு வருமானால் அன்றே அதன் காதைப் பாருங்கள். வைத்தியரிடம் காட்டும்வரை பழைய பூனையோடு ஒரே சாக்கிற் படுக்கவிடாது வேறோர் அறையிலே வைத்திருங்கள். பூனையின் உடலைவிட்டு நீங்கிய சிற்றுண்ணி உடனே மடிவதில்லை. குளிர்ச்சியும் ஈரமும் வாய்த்தால் பத்து நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். ஆதலால் பூனை படுக்கும் துணியையும் சாக்கையும் கொதிநீரிலே தோய்த்து நல்ல வெயிலிற் காயப் போடுவது நன்று. ஊர் சுற்றும் கடுவன்களுக்கு நலமடித்தலும் பெட்டைகளுக்குக் கருத்தடைச் சத்திர சிகிச்சை செய்தலும் இந்நோயையும் பெரிதும் குறைக்கும். சந்தையடியிலே குட்டி விடும் பாவமும் இல்லாமற் போகும். வாரத்துக்கு ஒருமுறை, பூனை வயிறார உண்டு அரைத்தூக்கத்திற் கிடக்கும் வேளையிலே, பிள்ளைகளுள் ஒருவரிடம் காதைப் பார்க்கும் பொறுப்பை ஒப்படைக்கலாம். குட்டியிலிருந்தே பழக்கினால் அது பேசாமற் காட்டும்.

வைத்தியம் முடிந்த பின்னரும் ஒரு கண்ணை அதன்மேல் வைத்திருக்க வேண்டும். பூனை சுருண்டு உறங்கும்போது வால் அதன் தலையருகே வந்துவிடும். அதனால் சிற்றுண்ணி சில வேளைகளில் வாலின் அடியிலும் முதுகிலும் ஒளிந்திருந்து மீண்டும் காதுக்குத் திரும்புவதுண்டு. நான்காவது வாரத்தின் முடிவிலே, முன்பு கூறிய கறுப்புக் கடதாசிப் பரிசோதனையை மறுபடியும் செய்து பாருங்கள். வெண்புள்ளி ஒன்றேனும் ஊருமாயின் மருந்துப் புட்டியையும் பூனையையும் எடுத்துக்கொண்டு மீண்டும் வைத்தியரிடம் செல்ல வேண்டியதுதான்.